செல்லின் பெயர்களும் செல்லின் வினைகளும்: செல் உயிரியலைத் தமிழில் விளக்குதல்

1. முன்னுரை

உயிரினங்கள் அனைத்தும் செல்களால் ஆனவை. செல்லே உயிர்வாழ்வின் அடிப்படை அலகு. செல்லிலிருந்தே செல் தோன்றும். செல் உயிரியலின் அடித்தளமாக அமையும் இம்மூன்று கூற்றுகளும் இன்று பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறுபவை. ஆயினும், செல் எவ்வாறு இயங்குகிறது என்பதைத் தமிழில் விளக்க முற்படும் மொழிபெயர்ப்பாளர் முதல் சொல்லிலேயே தடைப்படுகிறார். தமிழ்நாட்டு நூல்களில் செல் என்றும் உயிரணு என்றும், இலங்கை நூல்களில் கலம் என்றும் வழங்குவது ஒரே பொருளையே குறிக்கிறது. மலையாளத்தில் அது கோசம் ஆகிறது.

இச்சொல்வழக்குகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடமாகக் கழக்கூட்டம் பகுதியைக் கருதலாம். 1971-இல் நிறுவப்பெற்ற திராவிட மொழியியற் கழகமும், அறிஞர் வ.அய். சுப்பிரமணியம் உருவாக்கிய பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளியும் இப்பகுதியைச் சார்ந்தவை. அருகிலுள்ள காரியவட்டம் வளாகத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறை, மொழியியல் துறை ஆகியவற்றோடு விலங்கியல், தாவரவியல் துறைகளும் அமைந்துள்ளன. திருவனந்தபுரத்தின் மண்டலப் புற்றுநோய் மையத்திற்குத் தென் தமிழ்நாட்டிலிருந்து நோயாளர் பலர் வருகின்றனர். எனவே செல், திசு, உட்கரு ஆகிய சொற்களை மலையாளத்திற்கும் தமிழுக்கும் இடையே சரியாகக் கொண்டுசெல்வது இங்கு வகுப்பறைத் தேவை மட்டும் அன்று; நோயாளி தம் நோயைப் புரிந்துகொள்வதும் அதைச் சார்ந்துள்ளது.

அறிவியல் தமிழ் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் பெயர்ச்சொற்களைச் சுற்றியே நடந்துள்ளன. செல்லின் பெயர்கள் செல்லைப் பற்றி ஒரு காலத்தில் நிலவிய கருத்தைக் காட்டுகின்றன என்பதையும், செல்லின் இயக்கத்தைத் தமிழில் தெளிவாக்குவன வினைச்சொற்களே, சிறப்பாகத் தன்வினை பிறவினை வேறுபாடே என்பதையும் எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பெயர்களில் உறைந்த காலம்

1665-இல் இராபர்ட் ஊக் தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் கண்டு, அதில் தெரிந்த சிற்றறைகளுக்குச் செல் என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயரை இட்டார். அவர் கண்டவை உயிருள்ள செல்கள் அல்ல; இறந்த செல்கள் விட்டுச்சென்ற சுவர்களே. அதாவது, உள்ளீடற்ற அறைக்கு இடப்பட்ட பெயர் பின்னர் உள்ளீட்டிற்கு உரியதாயிற்று. 1831-இல் இராபர்ட் பிரௌன் தாவரச் செல்களில் உட்கருவைப் பொதுவான உறுப்பாக அடையாளம் கண்டார். 1838-இல் சிலைடனும் 1839-இல் சுவானும் தாவரங்கள், விலங்குகள் இரண்டும் செல்களால் ஆனவை என்னும் கொள்கையை நிறுவினர். செல்லிலிருந்தே செல் தோன்றும் என்பதை 1850-களில் விர்சோ வலியுறுத்தினார்.

இவ்வரலாறு முழுவதும் பெயர்களில் படிந்துள்ளது. கண்ணறை என்று தமிழில் முன்மொழியப்பட்ட சொல் ஊக்கின் பார்வையை அப்படியே ஏற்கிறது. இலங்கையின் கலம் என்னும் சொல் கொள்கலனை நினைவூட்டுவது. சுவரை விட்டு உள்ளீட்டை நோக்குவது. மலையாளக் கோசம் உறை, கருவூலம் எனப் பொருள்படும் வடசொல். உயிரணு என்பது அறையையும் கலத்தையும் ஒதுக்கிவிட்டு, உயிரின் மிகச் சிறிய கூறு என்னும் கொள்கையையே பெயராக்குகிறது.

தாவரச் செல்லில் காணப்படும் ஒரு பகுதியை இங்குச் சான்றாகக் காட்டலாம். வெற்றிடம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அதன் ஆங்கிலப் பெயர் பிறந்தது. இலங்கைத் தமிழ் அதனைப் புன்வெற்றிடம் என நேராகப் பெயர்த்தது. மலையாளம் நுரை எனப் பொருள்படும் பேனம் என்னும் வடசொல்லைத் தெரிந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நுண்குமிழ் என்கின்றன. உண்மையில் அது வெற்றிடமும் அன்று, நுரையும் அன்று. சாறு நிறைந்த பை. முதிர்ந்த தாவரச் செல்லின் கன அளவில் பெரும்பகுதியை அதுவே நிரப்பி, செல் தளர்ந்துவிடாமல் விறைப்பாக நிற்கச் செய்கிறது. நீரின்றிச் செடி வாடுவது இப்பை சுருங்குவதாலேயே. தொடக்ககால நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாமற்போன இடத்திற்கு இடப்பட்ட பெயர் இன்றும் ஒன்றுமில்லை என்றே கூறிக்கொண்டிருக்கிறது.

3. மூன்று சொற்றொகுதிகள்

3.1 ஒப்பீடு

தமிழ்நாடு, இலங்கை, மலையாளம் என்னும் வரிசையில் சில சொற்கள் கீழே தரப்படுகின்றன. மலையாளச் சொற்கள் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதப்பட்டுள்ளன.

செல் – கலம் – கோசம்
திசு – இழையம் – கல
உட்கரு – கரு – மர்மம்
சைட்டோபிளாசம் – குழியவுரு – கோசதிரவியம்
மைட்டோகாண்ட்ரியா – இழைமணி – மைட்டோகோண்ட்ரியா
பசுங்கணிகம் – பச்சையவுருமணி – ஹரிதகணம்
ஒளிச்சேர்க்கை – ஒளித்தொகுப்பு – பிரகாச சம்சிலேஷணம்
மறைமுகப் பிரிவு – இழையுருப்பிரிவு – கிரமபங்கம்
குன்றல் பிரிவு – ஒடுக்கற்பிரிவு – ஊனபங்கம்

தமிழ்நாட்டு வழக்கு கடன்சொல்லையும் தமிழாக்கத்தையும் கலந்து ஆள்கிறது. இலங்கை வழக்கு மூலச்சொல்லின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர்க்கிறது. மைட்டோகாண்ட்ரியா என்னும் பெயர் 1898-இல் பெண்டா இட்டது. இழை, மணி எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களால் ஆனது. இழைமணி அதன் நேர்ப்பெயர்ப்பு. குழியவுரு என்பதில் வரும் குழியமும், உட்குடைவான கலம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லுக்குப் பொருத்தமாக அமைகிறது.

மறைமுகப் பிரிவு, இழையுருப்பிரிவு ஆகிய இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் பெயர்கள் என்பது நோக்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உட்கரு நேரே இரண்டாகத் துண்டுபடுவதை நேர்முகப் பிரிவு என்றும், இழைகள் தோன்றிப் பல நிலைகளைக் கடந்து பிரிவதை மறைமுகப் பிரிவு என்றும் அழைத்தனர். 1882-இல் பிளெமிங் இழை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லால் பின்னதற்குப் புதுப்பெயர் இட்டார். தமிழ்நாடு பழைய பெயரையும் இலங்கை புதிய பெயரையும் காத்து வருகின்றன. மறைமுகம் என்பதற்கு இங்கு ஒளிவு என்னும் பொருள் இல்லை; இவ்வரலாறு அறியாத மாணவர் அச்சொல்லிலிருந்து எதையும் பெற இயலாது.

3.2 இலக்கணப் பொருத்தம்

இலங்கைச் சொற்கள் தமிழ்ப் புணர்ச்சிக்கு இயல்பாக உட்படுகின்றன. கலம் என்பதோடு சுவர் சேரக் கலச்சுவர் என மகரம் கெட்டு வல்லினம் மிகுகிறது. ஒடுக்கல் என்பதோடு பிரிவு சேர லகரம் றகரமாகி ஒடுக்கற்பிரிவு பிறக்கிறது. தமிழ்நாட்டில் குன்றல் பிரிவு எனப் பிரித்தே எழுதுகின்றனர். செல் என்பதோடு சுவர் சேர விதிப்படி செற்சுவர் என ஆக வேண்டும். ஆனால் எவரும் அவ்வாறு எழுதுவதில்லை. வடிவில் தமிழ்ச்சொல் போலவே இருந்தும் செல் இன்னும் கடன்சொல்லாகவே உணரப்படுகிறது என்பதற்கு இதுவே சான்று. போ என்னும் வினையடியாகவும், கறையானைக் குறிக்கும் பெயராகவும் செல் தமிழில் முன்பே உள்ளது; எனினும் அறிவியல் நூலில் இச்சொற்களோடு மயக்கம் நேர்வது அரிது. வேற்றுமை உருபுகளை எளிதில் ஏற்பதும், வழக்கில் பரவியிருப்பதும் கருதி இக்கட்டுரை செல் என்னும் சொல்லையே ஆள்கிறது.

நிலம், நிலன் போலக் கலமும் கலனும் போலி வடிவங்கள். ஆனால் இலங்கை உயிரியல் வழக்கில் குருதிக்கலம் என்பது குருதியிலுள்ள செல்; குருதிக்கலன் என்பது குருதி ஓடும் குழாய். ஒரு சொல்லின் இரு வடிவங்களுக்கு இரு பொருள்களைப் பகிர்ந்தளித்த இம்முறை திட்பமானதே. எனினும் ஓர் எழுத்துப் பிழை உடற்கூற்றையே மாற்றிவிடும்.

உயிரணுவின் சிக்கல் வேறு வகைப்பட்டது. சிவப்பணு, விந்தணு, மரபணு, உயிரணு ஆகியவை ஒரு குடும்பமாகத் தோன்றுகின்றன. முதல் இரண்டும் முழுச் செல்கள். மரபணுவோ செல்லுக்குள் இருக்கும் ஒரு மூலக்கூறின் பகுதி. புரதம் ஆக்குவதற்குரிய மரபணுக்கள் மட்டும் மனிதனில் ஏறத்தாழ 20,000 உள்ளன. அணு எனத் தனித்து நிற்பது இவையனைத்தையும்விட மிகச் சிறியது. அளவில் பல படிநிலைகளைச் சேர்ந்த பொருள்களை ஒரே ஈறு ஒரே தட்டில் வைத்துவிடுகிறது. மேலும், உயிரணு என்பது பொதுவழக்கில் விந்தணுவையே குறிக்கும் அளவுக்குப் பொருள் குறுகி வருகிறது.

3.3 ஒத்தொலிக்கும் பகைச்சொற்கள்

மலையாளத்திலிருந்து தமிழுக்கு வரும்போது வடிவொற்றுமையே இடராகிறது. மலையாளத்தில் கல என்பது திசு. இலங்கைத் தமிழில் கலம் என்பது செல். புற்றுநோய் அறிக்கையில் செல்லின் மாற்றமும் திசுவின் அமைப்பும் வேறு வேறாகக் கூறப்படும். இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் மொழிபெயர்ப்பு நோயின் பரவலைத் தவறாக உணர்த்தக்கூடும்.

மர்மம் என்பது மலையாளத்தில் உட்கரு. தமிழில் அச்சொல் மறைபொருளைக் குறிக்கிறது. உயிர்நிலை எனப் பொருள்படும் அதே வடசொல்லின் மற்றொரு வடிவமே கன்னியாகுமரி மாவட்டத்து வர்ம மருத்துவத்தில் வழங்கும் வர்மம் என்பர். எனவே குமரித் தமிழருக்கு இம்மலையாளச் சொல்லை வர்மத்தின் வழியாக விளக்குதல் எளிது. ஊனபங்கம் என்பதில் ஊனம் குறைதலைக் குறிக்கிறது. குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகக் குறைவதே அதன் பொருள். தமிழ்க் காதுக்கோ அது குறைபாட்டையும் கேட்டையும் சுட்டுவதுபோல் ஒலிக்கிறது. பாலணுக்கள் உருவாவதற்குரிய இயல்பான நிகழ்ச்சி நோய்போலத் தோன்றிவிடும். இலங்கையில் உட்கருவைக் குறிக்கும் கரு, தமிழ்நாட்டில் தாய் வயிற்றில் வளரும் கருவைக் குறிப்பதும் இவ்வகையினதே.

4. செல்லின் இயக்கமும் வினைச்சொற்களும்

4.1 சவ்வு: நுழைதலும் நுழைத்தலும்

ஆங்கிலத்தில் நகர், பிரி, மடி, சுருங்கு போன்ற பொருளுடைய வினைகள் பல, தன்வினைக்கும் பிறவினைக்கும் ஒரே வடிவம் கொண்டவை. தமிழில் நகர்கிறது, நகர்த்துகிறது. சுருங்குகிறது, சுருக்குகிறது என வடிவமே வேறுபடுகிறது. ஆகவே மூலத்தில் வெளிப்படாத ஒரு முடிவைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் எடுத்தே ஆக வேண்டும். அம்முடிவை இலக்கணத்தால் மட்டும் எடுக்க இயலாது. செல்லின் இயக்கத்தை அறிந்தே எடுக்க வேண்டும்.

செல்லைச் சூழ்ந்துள்ள சவ்வு கொழுப்பு மூலக்கூறுகளின் ஈரடுக்கால் ஆனது. அதில் புரதங்கள் பதிந்துள்ளன. அவற்றுள் பல அடுக்கினுள் இடம்பெயரவும் கூடும். சிங்கர், நிக்கல்சன் ஆகியோர் 1972-இல் முன்வைத்த இவ்விளக்கத்தின்படி சவ்வு சுவர் போன்று அசையாது நிற்பது அன்று. ஆக்சிசன் போன்ற சிறு மூலக்கூறுகள் செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்திற்குச் சவ்வின் ஊடே தாமே செல்கின்றன. இதற்குச் செல் ஆற்றலைச் செலவிடுவதில்லை. சோடியம் அயனிகளின் நிலை வேறு. செல்லுக்கு வெளியே அவை மிகுதி, உள்ளே குறைவு. உள்ளிருப்பவற்றை மேலும் வெளியே அனுப்புவது மேட்டில் நீர் இறைப்பதற்கு ஒப்பாகும். 1957-இல் சுகோ கண்டறிந்த சவ்வுப் புரதம் ஒன்று, ஒரு ஏ.டி.பி. மூலக்கூறைச் செலவிட்டு, மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளேற்றுகிறது.

இவற்றைத் தமிழில் எழுதினால், கார்பன் டைஆக்சைடு வெளியேறுகிறது. செல் சோடியத்தை வெளியேற்றுகிறது என அமையும். ஏறு, ஏற்று என்னும் றகர இரட்டிப்பு, ஆற்றலைச் செலவிடுவோர் உண்டா இல்லையா என்பதைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலச் செயப்பாட்டு வினையைப் பின்பற்றி இரண்டையும் வெளியேற்றப்படுகிறது என எழுதும்போது இவ்வேறுபாடு முற்றாக மறைகிறது. தமிழ்நாட்டுச் சவ்வூடு பரவல், இலங்கைப் பிரசாரணம் ஆகிய இரண்டனுள் முன்னதன் சிறப்பும் இதுவே. பரவல் என்னும் தன்வினைத் தொழிற்பெயர் நிகழ்வின் இயல்பைத் தன்னுள்ளேயே கொண்டுள்ளது.

4.2 உட்கரு: படியெடுத்தலும் மொழிபெயர்த்தலும்

உட்கரு செல்லின் அனைத்துச் செயல்களையும் கட்டுப்படுத்துகிறது என்பது பாடநூல்களில் நிலைபெற்ற தொடர். மனிதனின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை. எனினும் அது ஏறத்தாழ 120 நாள் இயங்குகிறது. உட்கருவை ஆள்வோனாகக் காட்டுவதைவிட ஏட்டுச்சுவடிகள் காக்கப்படும் இடமாகக் காட்டுவது பொருந்தும். எந்தச் சுவடி எப்போது எடுக்கப்பட வேண்டும் என்பதைச் செல்லின் பிற பகுதிகளிலிருந்தும் புறத்திலிருந்தும் வரும் குறிகளே பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

இவ்விடத்தில் உயிரியல் மொழியியலிடமிருந்து சொற்களைக் கடன்பெற்றுள்ளது. டி.என்.ஏ.வின் ஒரு பகுதியைப் பார்த்து ஆர்.என்.ஏ. உருவாவது படியெடுத்தல். அந்த ஆர்.என்.ஏ.வைப் படித்துப் புரதம் உருவாவது மொழிபெயர்த்தல். இப்பெயர்கள் வெறும் அணி அல்ல. படியெடுத்தலில் எழுத்துமுறை மாறுவதில்லை. நான்கு எழுத்துகளால் ஆன வரிசை, ஒன்று மட்டும் சற்றே வேறுபட்ட நான்கு எழுத்துகளால் ஆன வரிசையாகிறது. ஏடு பெயர்த்து எழுதும் மரபில் வந்த படியெடுத்தல் என்னும் தமிழ்ச்சொல் இதற்கு முற்றும் பொருந்துகிறது. மொழிபெயர்த்தலில் எழுத்துமுறையே மாறுகிறது. மும்மூன்று எழுத்துகளாக அமையும் 64 சேர்க்கைகளில் 61 சேர்க்கைகள் 20 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன; எஞ்சிய மூன்றும் முற்றுப்புள்ளிகள். 1961-இல் தொடங்கி 1966 வரையில் இக்குறியீடு முழுவதும் படித்தறியப்பட்டது. இதற்காக 1968-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் இந்தியாவில் பிறந்த ஹர் கோபிந்த் கொரானாவும் ஒருவர்.

ஒப்புமையின் எல்லையையும் கூறுதல் வேண்டும். ரிபோசோமில் நிகழும் மொழிபெயர்ப்பு சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது, வரிசை மாறாதது, இடம் நோக்கிப் பொருள் வேறுபடுவது மிக அரிது. மனித மொழிபெயர்ப்பாளர் செய்யத்தகாதது எதுவோ அதையே செல் பிழையின்றிச் செய்ய முயல்கிறது.

புரதம் சங்கிலியாக உருவானபின் உரிய வடிவத்தில் மடிந்தால்தான் செயற்படும். அச்சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க இயலும் என்பதை 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோ.நா. இராமச்சந்திரனும் அவர்தம் உடனாய்வாளரும் வரைபடமாக்கினர். புரதம் மடிகிறது என்னும் தன்வினையே இங்குப் பொதுவாகச் சரியானது. மடிப்பதற்கான செய்தி சங்கிலியின் அமைப்பிலேயே உள்ளது. வேறு புரதங்கள் உதவினும், அவை பெரும்பாலும் பிழைபட மடிவதைத் தடுப்பவையே.

4.3 ஆற்றல்: ஆக்குதலும் மாற்றுதலும்

மைட்டோகாண்ட்ரியா ஆற்றலை உற்பத்தி செய்கிறது என்பது மற்றொரு பழகிய தொடர். ஆற்றலை எதுவும் உற்பத்தி செய்வதில்லை. ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவிற்கு மாற்றவே இயலும். உணவில் உள்ள ஆற்றலை, செல் உடனே செலவிடத்தக்க ஏ.டி.பி. மூலக்கூறின் வடிவிற்கு மைட்டோகாண்ட்ரியா மாற்றித் தருகிறது. பசுங்கணிகம் ஒளியாற்றலை வாங்கி, நீரையும் கார்பன் டைஆக்சைடையும் கொண்டு சர்க்கரை ஆக்குகிறது. ஒளிச்சேர்க்கை என்னும் தொகையை ஒளியைச் சேர்த்தல் என இரண்டாம் வேற்றுமையாக விரிப்பாரும் உளர். ஒளியால் சேர்த்தல் என மூன்றாம் வேற்றுமையாக விரிப்பதே பொருந்தும். ஒளி இங்குக் கருவி. சேர்க்கப்படும் பொருள் அன்று. தொகையை விரித்துக் காட்டும் ஒரு தொடர் நீண்ட விளக்கத்திற்கு ஈடாகும்.

4.4 பிரிதலும் மடிதலும்

செல் பிரியுமுன் டி.என்.ஏ. இரட்டிக்கிறது. மனிதச் செல்லின் 46 குரோமோசோம்களும் இரண்டிரண்டு இழைகளாகின்றன. பின்னர்க் கதிர் இழைகள் அவற்றை இரு துருவங்களுக்கும் இழுக்கின்றன. இறுதியில் செல் இரண்டாகிறது. இங்குச் செல் பிரிகிறது எனத் தன்வினையும், கதிர் இழைகள் குரோமோசோம் இழைகளைப் பிரிக்கின்றன எனப் பிறவினையும் வர வேண்டும். இரண்டையும் பிரிக்கப்படுகிறது என ஒருங்கே கூறினால் பிரிப்பது யார் என்னும் வினா விடையின்றி நிற்கும்.

செல்லின் இறப்பும் இருவகைப்படும். காயத்தாலோ நஞ்சாலோ செல் வீங்கி உடைந்து அழிவது ஒன்று. உரிய காலத்தில் தன் உட்பொருள்களைத் தானே நறுக்கிச் சிறு பொதிகளாகிச் சூழவுள்ள செல்களுக்கு இரையாவது மற்றொன்று. கருவில் விரல்களுக்கு இடையிலுள்ள திசுப்படலம் மறைவது இரண்டாம் வகையால். இவ்வகைக்கு 1972-இல் இடப்பட்ட ஆங்கிலப் பெயர், இலை உதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். தமிழில் முதலாவதைச் செல் அழிகிறது என்றும், இரண்டாவதைச் செல் தன்னை மாய்த்துக்கொள்கிறது என்றும் கூறலாம். கொள் என்னும் துணைவினை, செயல் செய்தவனையே சேர்வதை உணர்த்துகிறது. பெயர்ச்சொல் வேண்டுமாயின் உதிர்வு என்பதை ஆளலாம். அது மூலத்தின் உருவகத்தையும் காக்கிறது. செல் மடிகிறது என்பதை இங்குத் தவிர்த்தல் நன்று. மடி என்னும் வினை இறத்தலையும் மடங்குதலையும் ஒருங்கே குறிப்பதால், புரதம் மடிகிறது என்னும் தொடருக்கு அடுத்து அது வந்தால் மயக்கம் விளையும். புற்றுநோய்ச் செல்கள் பல, உதிர வேண்டிய காலத்தில் உதிராமல் பெருகுகின்றன என்பதை இச்சொற்களைக் கொண்டே எளிய நோயாளிக்கும் விளக்க இயலும்.

5. மொழிபெயர்ப்பு நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் நெறிகளைப் பெறலாம்.

1. ஒரு நூலில் ஒரு நாட்டு வழக்கையே தொடக்கம் முதல் இறுதிவரை பின்பற்றுதல். மற்ற நாட்டு வழக்கை முதல் வருகையில் ஒருமுறை சுட்டுதல்.

2. மலையாளத்திலிருந்து பெயர்க்கும்போது கல, மர்மம், ஊனபங்கம் போன்றவற்றை வடிவொற்றுமை கருதி ஏற்காமை.

3. பெயர் பழைய கருத்தைத் தாங்கியிருப்பின், பெயரை மாற்ற முயலாது அடுத்த தொடரிலேயே திருத்திக் கூறுதல். நுண்குமிழ் சாறு நிறைந்த பை என்னும் ஒரு தொடர் போதுமானது.

4. ஒவ்வொரு வினைக்கும் செய்வது எது, ஆற்றலைச் செலவிடுவது எது எனக் கேட்டுத் தன்வினை பிறவினையைத் தெரிதல். செய்வோர் தெரிந்த இடத்தில் செயப்பாட்டு வினையைத் தவிர்த்தல்.

6. முடிவுரை

செல்லுக்கு எப்பெயர் சிறந்தது என்னும் வினா விரைவில் முடிவுக்கு வரப்போவதில்லை. முடிவுக்கு வந்தாலும் அப்பெயர் செல்லின் இயக்கத்தை விளக்கிவிடாது. செல், கலம், கோசம் ஆகிய மூன்றும் தத்தம் சமூகத்தில் வேரூன்றியவை. மாறாக, தன்வினை பிறவினை வேறுபாடு தமிழ்நாட்டிற்கும் இலங்கைக்கும் பொதுவானது. மாறுக, மாற்றுக என மலையாளத்திலும் உள்ளது. கலைச்சொற்களால் பிரிந்து நிற்கும் மூன்று வழக்குகளும் வினையமைப்பில் ஒன்றுபடுகின்றன. கலைச்சொல் அகராதிகள் இதுவரை பெயர்களையே தொகுத்துள்ளன. செல்லின் நிகழ்வு ஒவ்வொன்றுக்கும் உரிய வினையை எழுவாயோடும் செயப்படுபொருளோடும் தொகுத்துத் தரும் கையேடு ஒன்று உருவாக்கப்படுமாயின், அது மொழிபெயர்ப்பாளர்க்கும் ஆசிரியர்க்கும் மருத்துவமனையில் நோயாளரோடு உரையாடுவோர்க்கும் ஒருங்கே பயன்படும். அப்பணி மொழியியலாரும் உயிரியலாரும் இணைந்து செய்ய வேண்டிய பணியாகும்.